மேற்கோளும் வாய்பாடும்: ஆய்வுரைநடையிற் பிறர் கூற்றுப் பெறும் இடம்

1

ஆய்வுக் கட்டுரை எனப்படுவது தனியொருவரின் குரலால் மாத்திரம் அமைவதன்று. முன்னோர் கூறியவற்றை ஏற்றும் மறுத்தும் திருத்தியுமே எத்துறையிலும் அறிவு வளர்ந்து வந்துள்ளது. ஆகவே, பிறர் கூற்றை நமது எழுத்தினுள் எவ்வாறு கொண்டுவருகிறோம் என்னும் வினா வெறுமனே நடை சார்ந்த வினாவன்று. அறிவு உற்பத்தியிலே நாம் பிறரோடு கொள்ளும் உறவு சார்ந்த வினாவாகும். ஆயினும் நமது பல்கலைக்கழகச் சூழலில் இவ்விடயம் பெரும்பாலும் அடிக்குறிப்பு எழுதும் முறை, நூற்பட்டியல் அமைக்கும் ஒழுங்கு ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. காற்புள்ளியை எங்கே இடவேண்டும் என்பதைக் கற்கும் மாணவர், மேற்கோளை ஏன் இடவேண்டும் என்பதைக் கற்பதில்லை.

இதன் விளைவினை ஆய்வேடுகளைப் படிக்கும் எவரும் அறிவர். பத்தியொன்றின் நடுவே மேற்கோள் ஒன்று திடீரென வந்து நிற்கும். அதனைக் கூறியவர் யார், எச்சந்தர்ப்பத்திற் கூறினார், எழுதுபவர் அதனை ஏற்கிறாரா மறுக்கிறாரா என்பன தெரியா. அடுத்த பத்தி வேறொரு மேற்கோளுடன் தொடங்கும். எழுதும் மாணவரின் குரல் ‘என்கிறார்’, ‘எனக் குறிப்பிடுகிறார்’ என்னும் இணைப்புச் சொற்களிலே மாத்திரம் மெலிதாக ஒலிக்கும்.

இக்குறைக்குப் பரிகாரமாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலே பெரிதும் கையாளப்படும் முறையொன்று உண்டு. பிறர் கருத்தை அறிமுகப்படுத்தவும், மேற்கோளுக்கு விளக்கம் கூறவும், உடன்பாட்டையும் மறுப்பையும் தெரிவிக்கவும் வேண்டிய வாக்கியங்களை, இடைவெளி விட்ட சட்டகங்களாக மாணவருக்குக் கொடுப்பதே அம்முறை. இதனை நாம் ‘வாய்பாட்டு முறை’ என இங்கு வழங்குவோம். இம்முறையின் புகழ்பெற்ற நூல் ஜெரால்ட் கிராஃப், கதி பேர்க்கன்ஸ்ரைன் ஆகிய இருவரும் 2006ஆம் ஆண்டில் வெளியிட்டதாகும். ‘அவர்கள் சொல்கிறார்கள், நான் சொல்கிறேன்’ எனப் பொருள்படும் அதன் தலைப்பே அதன் கோட்பாடுமாகும். முதலிலே பிறர் கூறுவதை எடுத்துரைத்து, அதற்கு மறுமொழியாகத் தன் கருத்தை நிறுத்துவதே ஆய்வெழுத்தின் அடிப்படை அசைவு என்பது அந்நூலாசிரியர்களின் வாதம். மறுமொழியை அவர்கள் மூன்றாக வகுப்பர்: உடன்படல், முரண்படல், ஓரளவு உடன்பட்டு ஓரளவு முரண்படல்.

இம்முறை பற்றி இருவகை நிலைப்பாடுகள் நிலவுகின்றன. இது சிந்தனையை அச்சிலே வார்க்கும் இயந்திரமுறை எனத் தூய இலக்கியவாதிகள் வெறுப்பர். வாய்பாடுகளை மனனஞ் செய்வித்தால் ஆய்வெழுத்துக் கைகூடிவிடும் எனச் செயன்முறைவாதிகள் நம்புவர். இரண்டுமே முழுமையற்றவை என்பது நமது கருத்து. முன்னவர், வாய்பாடு யாருக்குத் தேவைப்படுகிறது என்ற சமூக வினாவை எழுப்புவதில்லை. பின்னவர், வாய்பாடு எதனைத் தரமாட்டாது என்ற வினாவை எழுப்புவதில்லை.

2

முதலாவது வினாவை நோக்குவோம். இத்தகைய கற்பித்தல் முறைகளுக்குத் திட்டவட்டமான சமூகப் பின்னணியொன்று உண்டு. 1969இல் நிகழ்ந்த மாணவர் போராட்டத்தின் விளைவாக, நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் 1970ஆம் ஆண்டிலே தன் கதவுகளை உயர்நிலைப் பள்ளியை முடித்த நகரத்து மாணவர் யாவருக்கும் திறந்துவிட்டது. உயர்கல்வியை எட்டியறியாத தொழிலாளர் குடும்பங்களிலிருந்தும் கறுப்பின, போட்டோ ரிக்கோக் குடும்பங்களிலிருந்தும் வந்த மாணவர் எழுதியவற்றைப் பேராசிரியர் பலர் ‘எழுதத் தெரியாதோர்’ எனத் தள்ளிவிட்டனர். அங்குக் கற்பித்த மைனா ஷோனெஸி அவ்வெழுத்துகளை ஆராய்ந்து 1977இல் வெளியிட்ட நூலிலே, அவற்றிற் காணப்படும் பிழைகளுக்குத் தருக்கமும் ஒழுங்கும் உண்டென்பதைக் காட்டினார். மாணவர் அறிவிலிகளல்லர், அவர்கள் நுழைந்த உலகின் எழுதப்படாத விதிகள் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. கிராஃபும் தமது 2003ஆம் ஆண்டு நூலிலே, கல்வியுலகம் தனது விவாத முறைகளைத் தேவையின்றி மறைபொருளாக்கி வைத்திருப்பதையே சாடுகிறார்.

இவ்வுண்மை நமக்குப் புறம்பானதன்று. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், 1960களில் வேரூன்றிய சுயமொழிவழிப் பல்கலைக்கழகக் கல்வியும் இந்நாட்டின் விவசாயிகள், மீனவர், தோட்டத் தொழிலாளர், சிறு உத்தியோகத்தர் ஆகியோரின் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாயிலுக்குக் கொண்டுவந்தன. வீட்டிலே புத்தக அலுமாரியும் படித்த தந்தையும் உள்ள மாணவன் ஒரு கருத்தை மரியாதையாக மறுக்கும் விதத்தைச் சாப்பாட்டு மேசையிலேயே கற்றுக்கொள்கிறான். அவ்வாய்ப்பு அற்ற மாணவிக்கு அதனை யார் கற்பிப்பது? ‘நடை தானாக வரவேண்டும்’ எனக் கூறுவோர், தமக்கு அது தானாக வரவில்லை, வர்க்கச் சூழலின் வழியே வந்தது என்பதை மறந்துவிடுகின்றனர். மரபுரிமையாகக் கிடைத்ததைத் திறமை எனக் கொள்வது மேட்டுக்குடியினரின் பழைய வழக்கம். இவ்வகையில், மறைந்துகிடந்த விதியை வெளிப்படையாக எழுதிக் கொடுக்கும் வாய்பாட்டு முறை சனநாயகப் பண்பு வாய்ந்தது என்பதில் ஐயமில்லை.

வாய்பாடு படைப்பாற்றலுக்குப் பகையன்று என்பதை ஈழத்துத் தமிழாய்வு மரபு விசேடமாக அறியும். பேர்மிங்காமில் மார்க்சியக் கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனின் கீழ் ஆய்வு செய்த க. கைலாசபதி, 1968இல் நூலாக வெளிவந்த அவ்வாய்விலே, மில்மன் பரி முதலியோர் ஹோமரின் காவியங்கள் பற்றி நிறுவிய வாய்பாட்டுக் கோட்பாட்டைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தினார். பாணரும் பொருநரும் மரபுத் தொடர்களையும் மரபுச் சூழல்களையும் கொண்டே பாடல் யாத்தனர் என்பது அவர் வாதம். அங்கு வாய்பாடு கலைஞனின் கைக்கருவியாகும். ஆனால் பாணன் தன் வாய்பாடுகளைத் தனியே கற்கவில்லை. கேட்டும் பாடியும், அவை பிறக்கும் சூழலோடு சேர்த்தே கற்றான். இவ்வேறுபாடு பின்னர் நமக்கு உதவும்.

3

பிறர் கூற்றைக் கையாளும் முறைகளை வகுத்துரைப்பதும் தமிழுக்குப் புதியதன்று. 13ஆம் நூற்றாண்டினதாகிய நன்னூல், நூலாசிரியன் பிறர் கருத்துகளோடு கொள்ளக்கூடிய நிலைப்பாடுகளை எழுவகை மதமாக வகுக்கிறது. பிறர் கொள்கைக்கு உடன்படுவது ஒன்று, மறுப்பது ஒன்று, முதலில் ஏற்றுப் பின்னர்க் களைவது ஒன்று, தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்துவது ஒன்று, முரண்படும் இருவரிடையே ஒரு பக்கத்தைத் துணிவது ஒன்று, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது ஒன்று, எவரோடும் சாராது தன் கொள்கையைக் கொள்வது ஒன்று. அமெரிக்க நூலின் மூவகை மறுமொழிகளை இதனோடு ஒப்பிடின், பவணந்தியாரின் பகுப்பு நுட்பமானது என்பது புலப்படும். இருவர் முரண்படுமிடத்து ஒருதலை துணிதல் இன்றைய ஆய்வேடுகளிலே மிகவும் அரிதாகக் காணப்படும் பண்பு என்பதும் மனங்கொள்ளத்தக்கது. சைவ சித்தாந்த சாத்திரங்களுள் ஒன்றான சிவஞான சித்தியாரோ, பிறர் மதங்களை எடுத்துரைத்து மறுக்கும் பரபக்கம், தன் மதத்தை நிறுவும் சுபக்கம் என நூலையே இரு கூறாக்கிக்கொண்டது.

ஆயினும் ‘எம்மிடம் எல்லாம் இருந்தன’ எனப் பெருமிதங் கொள்வதற்காக இவற்றை நாம் இங்கு எடுத்துக்காட்டவில்லை. வாய்பாடுகள் எச்சமூக உறவுகளிலே தோன்றின என்பதே நமது அக்கறை. தொல்காப்பியத்திற் பயிலும் ‘என்மனார் புலவர்’ என்னும் தொடர் பெயரற்ற கூட்டு அதிகாரமொன்றை முன்னிறுத்துகிறது. அப்புலவர் யார் எனக் கேட்கும் இடம் அத்தொடரில் இல்லை. உரையாசிரியர்கள் கையாண்ட ‘என்பாரும் உளர்’ என்னும் தொடரும் எதிராளியைப் பெயர் சுட்டாதே தள்ளிவிடுவது. குறிக்கப்பட்டவர் யாரென்பது ஆசிரியன்-மாணாக்கன் பரம்பரையினுள்ளே வாய்மொழியாக அறியப்பட்டிருக்கலாம். அப்பரம்பரைக்கு வெளியே நிற்பவருக்கு வழியில்லை. ஏட்டுச்சுவடிகள் சிலரது கையிலே மாத்திரம் இருந்த சமுதாயத்தின் மேற்கோள் முறை அது.

அச்சியந்திரம் வந்தபின் நிலைமை மாறியது. ஆறுமுக நாவலர் 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் இதற்குத் தக்க சான்று. சைவக் கிரியைகளைப் பழித்த மிசனரிமாருக்கு விடையளிக்க முற்பட்ட நாவலர், அவர்கள் போற்றும் விவிலியத்தின் பகுதிகளையே ஆதாரமாக முன்வைத்தார். பேர்சிவல் பாதிரியாரின் கீழ் விவிலிய மொழிபெயர்ப்பிற் பணியாற்றியமையால், எதிராளியின் மூலநூலை அவர் நேரே அறிந்திருந்தார். நாவலரின் சமூக நோக்கின் எல்லைகள் வேறு. அவற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மேற்கோளின் வரலாற்றிலே இங்கு நிகழ்ந்தது முக்கியமானது. அச்சிட்ட விவிலியம் வாசகனின் கையிலும் இருந்தது. அவன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேற்கோள் பணிந்து ஏற்கவேண்டிய ஆணையாக அன்றிச் சரிபார்க்கக்கூடிய சான்றாக மாறியது. வாய்பாட்டை மாற்றியது நடை விருப்பமன்று; நூல் உற்பத்தியிலும் பரவலிலும் ஏற்பட்ட மாற்றமேயாகும்.

4

இவ்வுறவினைக் கோட்பாட்டு அடிப்படையில் விளக்கியவர் வொலோஷினோவ். 1929இல் லெனின்கிராட்டில் வெளிவந்த ‘மார்க்சியமும் மொழித் தத்துவமும்’ என்ற நூலின் இறுதிப் பகுதியை அவர் பிறர் கூற்றை எடுத்துரைக்கும் இலக்கண வடிவங்களுக்கே ஒதுக்கினார். பிறர் சொல்லைப் பெறுவது செயலற்ற பதிவன்று. அது மதிப்பீடு கலந்த செயல். அச்செயலின் சமூகப் போக்குகளே மொழியில் வடிவங்களாக உறைந்துள்ளன என்பது அவர் கருத்து. ஒரு சொல் எவ்வளவு அதிகாரம் மிக்கதாகக் கொள்ளப்படுகிறதோ, அவ்வளவுக்கு அதனைச் சுற்றி வேலி உயரும். அதனோடு உரையாடல் குறையும்.

இந்நோக்கிலே தமிழாய்வு நடையை ஆராய்வது பயனுடையது. ஆங்கில வாய்பாடுகளை அவ்வாறே தமிழாக்கி மாணவருக்குக் கொடுப்பதிலே அடிப்படை இடரொன்று உண்டு. ஆங்கிலத்திற் கூறியவரும் கூற்றுவினையும் முன்னே வரலாம். தமிழிலோ ‘என்று’, ‘என’ என்பன கூற்றின் பின்னரே வரும்; வினைமுற்று வாக்கியத்தின் இறுதியிலே நிற்கும். ஆறு வரி மேற்கோளைப் படித்து முடித்த பின்னரே ‘என வாதிடுகிறார்’ என்பதா, ‘எனத் தவறாகக் கருதுகிறார்’ என்பதா என வாசகர் அறிகிறார். அதுவரை அக்கூற்று ஆசிரியரின் கூற்றாகவே அவர் மனத்திற் பதிந்துவிடும். இதனைத் தவிர்க்க ‘அவர் வாதிடுவது என்னவென்றால்’ எனத் தொடங்கும் மொழிபெயர்ப்பு நடை செயற்கையானது. இதற்கு விடை தமிழிலேயே உண்டு. மேற்கோளுக்கு முன் தனி வாக்கியமொன்றிலே கூறியவரையும் சந்தர்ப்பத்தையும் நிறுத்தி, மேற்கோளுக்குப் பின் ‘இக்கூற்று’, ‘இவ்வாதம்’ என எடுத்துக்கொண்டு தன் நிலைப்பாட்டை உரைப்பதே அது. தமிழ் வாய்பாடு ஆக்குவோர் தமிழ் வாக்கியத்தின் இயல்பிலிருந்தே தொடங்கவேண்டும்.

கூற்றுவினைகளின் தெரிவும் அவ்வாறே. ‘கூறுகிறார்’, ‘கருதுகிறார்’, ‘நிறுவியுள்ளார்’, ‘ஒப்புக்கொள்கிறார்’ என்பன ஒன்றற்கொன்று பதிலாக இடத்தக்கவையல்ல. ‘நிறுவியுள்ளார்’ என எழுதியவர் அந்நிறுவலுக்குத் தாமும் பிணை நிற்கிறார். ‘ஒப்புக்கொள்கிறார்’ என எழுதுவது, கூறியவர் விருப்பமின்றியே அதனைச் சொன்னார் என்னும் தீர்ப்பையும் உள்ளடக்கியது. பேச்சுத் தமிழில் ‘வந்தாராம்’ என்னும்போது, பேசுபவர் தாம் நேரே அறியாததைச் சொல்கிறார் என்பது ஓரசையிலே விளங்கிவிடுகிறது. இச்செல்வம் ஆய்வு நடையிலே இல்லாதொழிந்தது. அதனிடத்திற் புகுந்தது ‘கருதப்படுகிறது’, ‘நம்பப்படுகிறது’ என்னும் செயப்பாட்டு வாய்பாடு. கருதுபவர் யார்? நம்புபவர் யார்? பெயரற்ற அப்புலவர் புதிய உடையில் மீண்டும் வந்துவிட்டார்.

இன்னொரு வாய்பாடும் நம்மிடையே ஆட்சி செலுத்துகிறது. ‘பேராசிரியர் அவர்கள் குறிப்பிட்டதுபோல’ என்பதே அது. இங்கு மேற்கோள் சான்றாகவன்றிக் காணிக்கையாகவே இடப்படுகிறது. மதிப்பிடப்போகும் ஆசிரியரின் நூலை மேற்கோளாக்கும் மாணவர் வணக்கம் செலுத்துகிறார், விவாதிக்கவில்லை. அதற்காக அவரைக் குறைகூறிப் பயனில்லை. மறுத்தால் புள்ளி குறையும் என அஞ்சும் நிலைமை உள்ளவரை, முரண்படுவதற்கான எத்துணைச் சிறந்த சட்டகமும் வெறுங் காகிதமே. வாய்பாட்டு நூல்கள் கண்டுகொள்ளாத எல்லை இதுவே. ‘நான் சொல்கிறேன்’ என்பதற்கு வாக்கியம் மட்டும் போதாது. சொல்லும் உரிமையும் வேண்டும்.

5

மாணவரைப் பற்றி இவ்வாறு கூறும் முற்போக்கு விமரிசகராகிய நாம், நமது வழக்கத்தையும் பரிசீலிக்கக் கடமைப்பட்டுள்ளோம். ‘மார்க்ஸ் கூறியதுபோல’ எனத் தொடங்கி, கட்டுரையின் இறுதியிலே முத்திரை குத்தும் வாய்பாட்டை நாம் எத்துணை தடவை கையாண்டுள்ளோம்! ஆராய்ந்து அடையவேண்டிய முடிவுக்குப் பதிலாக மேற்கோளொன்றை வைத்துவிட்டு விவாதம் முடிந்ததெனக் கொண்டுள்ளோம். இரண்டாங்கை நூல்களிலிருந்து எடுத்த மேற்கோள்களை மூலத்திலிருந்து எடுத்தவைபோற் காட்டியதும் உண்டு.

மார்க்ஸ் இவ்வாறு செய்தவரல்லர். மூலதனத்தின் மூன்றாம் ஜேர்மன் பதிப்பின் முன்னுரையிலே (1883) எங்கெல்ஸ் அவரது மேற்கோள் முறையை விளக்குகிறார். ஆங்கிலேய அரச அறிக்கைகள் முதலியவற்றிலிருந்து எடுத்தவை உண்மைகளுக்கான சான்றுகள். பொருளியலாளரிடமிருந்து எடுத்தவற்றின் நோக்கம் வேறு: குறித்தவொரு கருத்து எங்கே, எப்பொழுது, யாரால் முதன்முதலிலே தெளிவாகச் சொல்லப்பட்டது எனக் காட்டுவதே அது. அக்கருத்துச் சரியா பிழையா என்பதை அம்மேற்கோள் தீர்மானிப்பதில்லை. சான்றாகும் மேற்கோள், வரலாறாகும் மேற்கோள் என்னும் இப்பாகுபாடு எந்த வாய்பாட்டுப் பட்டியலையும்விட ஆழமானது.

அம்மேற்கோள்கள் சோதனைக்கும் உள்ளாயின. 1863 ஏப்பிரல் 16ஆம் திகதி பிரித்தானிய நிதியமைச்சர் கிளாட்ஸ்ரன் ஆற்றிய வரவு-செலவுத் திட்ட உரையில், செல்வப் பெருக்கம் முழுவதும் உடைமை வர்க்கங்களுக்கே உரியதாயிற்று எனப் பொருள்படும் வாக்கியமொன்றை மார்க்ஸ் 1864இல் அகிலத்தின் தொடக்க உரையிலும், பின்னர் மூலதனத்திலும் எடுத்தாண்டார். 1872இல் பேர்லின் சஞ்சிகையொன்றிலே, அவ்வாக்கியம் உரையில் எங்கும் இல்லை, மார்க்ஸ் பொய்யாகச் சேர்த்தார் எனப் பெயரிடாத கட்டுரையொன்று குற்றஞ்சாட்டியது. அதனை எழுதியவர் லூயோ பிரென்ரானோ என்பது பின்னர் தெரியவந்தது. பாராளுமன்றப் பதிவேட்டில் அவ்வாக்கியம் இல்லாதிருந்தது உண்மையே. ஆனால் உரைக்கு மறுநாள் வெளிவந்த ரைம்ஸ் பத்திரிகையின் அறிக்கையில் அது இருந்தது. மார்க்ஸ் மறைந்த 1883இல் அக்குற்றச்சாட்டு மீண்டும் எழுந்தபோது அவரது மகள் எலினோர் விடையளித்தார். ஆங்கிலப் பதிப்புக்காக மேற்கோள்களை மூலநூல்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் கடும் உழைப்பையும் அவரே மேற்கொண்டார். 1890இல் வெளிவந்த நான்காம் பதிப்பின் முன்னுரையில் எங்கெல்ஸ் இவற்றை விரிவாக எடுத்துரைத்து, றிச்சட் ஜோன்ஸ் என்பாரின் மேற்கோள் ஒன்றன் மூலத்தை மட்டும் கண்டறிய இயலவில்லை என்பதையும் மறையாது கூறுகிறார். கண்டறிய இயலாததையும் வாசகர் முன் வைக்கும் இந்நேர்மையே ஆய்வின் ஒழுக்கம். மார்க்சை மந்திரமாக உச்சரிப்போர் எலினோரின் உழைப்பைத் தம் முன்மாதிரியாகக் கொள்வதில்லை.

6

வாய்பாடு தன்னளவில் எங்கே கொண்டுசெல்லும் என்பதை அண்மைய நிகழ்வுகள் காட்டிவிட்டன. 2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பொதுப் பயன்பாட்டுக்கு வந்த உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், ஆய்வு நடையின் எல்லா வாய்பாடுகளையும் பிழையின்றி நிரப்பவல்லவை. ஆனால் அவை சுட்டும் நூல்களும் தீர்ப்புகளும் சில வேளைகளில் உலகிலேயே இல்லாதவை. இவ்வாறு இல்லாத வழக்குகளை மேற்கோள் காட்டி மனுச் சமர்ப்பித்த சட்டத்தரணிகளுக்கு 2023இல் நியூயோர்க்கின் கூட்டாட்சி நீதிமன்றமொன்று 5,000 டொலர் தண்டம் விதித்தது. அங்குச் சட்டகம் குறையற்றிருந்தது. அதனுள் இருந்த மனிதரும் நூலும் மட்டும் இல்லை. பாணனின் வாய்பாட்டுக்குப் பின்னே கேட்டறிந்த வாழ்வு இருந்தது. கேளாத வாயின் வாய்பாடு எதுவாகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகவே, வாய்பாட்டைக் கைவிடுவது தீர்வாகாது. கைவிட்டால், அதனைக் குடும்பச் சொத்தாகப் பெற்றோர் மீண்டும் முன்னே நிற்பர். முதலாண்டிலேயே, வெளிப்படையாக, தமிழ் வாக்கிய இயல்புக்கு ஏற்ப, நன்னூலாரின் எழுவகையையும் துணைக்கொண்டு அவை கற்பிக்கப்படவேண்டும். ஆயின் சட்டகத்தின் ஒவ்வோர் இடைவெளியையும் நிரப்பும் முன் மாணவர் தம்மைத் தாமே வினவப் பழகவேண்டும்: இதனைக் கூறியவர் யார், எந்த நிலையிலிருந்து, யாரை நோக்கிக் கூறினார், நாம் மூலத்தை நேரே பார்த்தோமா, இது நமக்குச் சான்றா, வரலாறா, அன்றி வணக்கமா? இவ்வினாக்களை எந்தச் சட்டகமும் தன்னுள் கொண்டிருப்பதில்லை. வாய்பாடு உறவொன்றுக்கு இடம் விடுகிறது. அவ்வுறவை உண்டாக்குவது வாசிப்பும் சரிபார்ப்புமேயாகும்.

ஆசிரியரின் பொறுப்பு இதனினும் பெரியது. தம்மை மறுத்து மாணவர் எழுதிய கட்டுரையை, அம்மறுப்பின் தகுதி கொண்டு மட்டும் மதிப்பிட முன்வராத ஆசிரியர், ‘ஆயினும்’ என்னும் சொல்லைக் கற்பிக்கும் தகுதியை இழந்தவராவர். முரண்படும் உரிமையை மாணவர் நடைமுறையிலே அனுபவிக்கும்போதுதான் முரண்படும் வாக்கியங்கள் அவருக்கு உரியனவாகும்.